கிடந்து உழைக்கும் எஞ்சின்

நுழையும்முன்

மகிழுந்தில் எஞ்சின் எங்கே அமைய வேண்டும்? அது எந்தச் சக்கரங்களைச் சுழற்ற வேண்டும்? அதன் வடிவம் எவ்வாறு இருக்க வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை இல்லை. எந்த விடையைத் தேர்ந்தாலும் அது ஒரு நன்மையைத் தரும். அதற்குரிய விலையையும் கேட்கும். ஜப்பானிய நிறுவனம் ஒன்று 1960களில் இவ்வினாக்களுக்குக் கண்ட விடையையும், அதனை நிறைவேற்றப் பட்ட பாட்டையும் இப்பாடம் விளக்குகிறது.

1. தரையின் நடுவே ஒரு மேடு

பழைய அம்பாசடர் மகிழுந்தின் பின்னிருக்கையில் நடுவே அமர்ந்து சென்றவர்கள், காலை எங்கே வைப்பது என்று சற்றுத் திண்டாடியிருப்பார்கள். தரையின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு மேடு ஓடும். அம்மேடு அழகுக்காக அமைந்ததன்று. எஞ்சின் வண்டியின் முன்பக்கத்தில் இருக்கிறது. அது சுழற்றும் சக்கரங்களோ பின்பக்கத்தில் இருக்கின்றன. எஞ்சினின் ஆற்றலைப் பின்னே கொண்டுசெல்ல நீண்ட தண்டு ஒன்று தேவைப்படுகிறது. அத்தண்டு சுழல்வதற்கு இடம் விட்டே தரை மேடாக்கப்பட்டது.

எஞ்சினுக்கு அருகிலுள்ள முன்சக்கரங்களையே அது சுழற்றினால் என்ன? நீண்ட தண்டு வேண்டியதில்லை. தரை சமமாகும், பயணிகளுக்கு இடம் மிகும். எஞ்சினின் எடை, சுழலும் சக்கரங்களின்மேலேயே அழுந்துவதால், ஈரமான சாலையிலும் பனி படர்ந்த சாலையிலும் அவை நன்றாகப் பற்றிச் செல்லும். இவ்வளவு நன்மை இருந்தும், நெடுங்காலம் பெரும்பாலான நிறுவனங்கள் முன்சக்கர இயக்கத்தை நாடவில்லை. அதற்கு இரண்டு தடைகள் இருந்தன.

முதலாவது, இடப்பற்றாக்குறை. எஞ்சின், கிளட்ச், கியர்பெட்டி, இரு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் ஆகிய அனைத்தும் வண்டியின் மூக்குப் பகுதிக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது, முன்சக்கரங்களின் இயல்பு. அவை உருள்வதோடு நிற்பதில்லை. வளைவுகளில் இடமும் வலமும் திரும்புகின்றன. மேடு பள்ளங்களில் ஏறி இறங்குகின்றன. இவ்வாறு ஓயாமல் அசையும் சக்கரத்திற்கு, தடையின்றி ஆற்றலைச் செலுத்துவது எளிதன்று.

முதல் தடையை நீக்க இரு வழிகள் இருந்தன. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைப்பது ஒரு வழி. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறிய மகிழுந்து அவ்வழியில் சென்றது. 1983 முதல் இந்தியச் சாலைகளில் ஓடிய மாருதி 800 வண்டியும் அவ்வழியைச் சேர்ந்ததே. மற்றொரு வழி, எஞ்சினின் வடிவத்தையே மாற்றிக் குட்டையாக்குவது. இப்பாடம் அவ்வழியைப் பற்றியது.

2. எதிரெதிரே நான்கு உருளைகள்

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும் குழாய் போன்ற அறை, சிலிண்டர் எனப்படும் உருளை ஆகும். அதனுள் பிஸ்டன் முன்னும் பின்னும் நகர்கிறது. அந்நகர்வைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. வழக்கமான எஞ்சினில் நான்கு உருளைகளும் ஒரே வரிசையில், வகுப்பறையில் எழுந்து நிற்கும் மாணவர்களைப்போல் நிற்கும். அதனால் எஞ்சின் உயரமாகவும் நீளமாகவும் இருக்கும்.

கிடைமட்ட எஞ்சினில் உருளைகள் நிற்பதில்லை, படுத்திருக்கின்றன. நடுவே கிராங்க் தண்டு இருக்க, அதன் இடப்புறம் இரண்டு உருளைகளும் வலப்புறம் இரண்டு உருளைகளும் எதிரெதிராக அமைகின்றன. நான்கு உருளைகளின் நீளம் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ இரண்டு உருளைகளின் நீளமே போதுமானதாகிறது. உயரமும் குறைகிறது. எடை தரைக்கு அருகில் தங்குவதால், வளைவுகளில் வண்டி சாய்வதும் குறைகிறது.

இவ்வமைப்பின் மற்றொரு சிறப்பு அதன் அமைதி. எதிரெதிரே உள்ள இரு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளிநோக்கிப் பாய்கின்றன. ஒரே நேரத்தில் உள்நோக்கித் திரும்புகின்றன. குத்துச்சண்டை வீரர் தம் இரு கையுறைகளையும் ஒன்றோடொன்று மோதிப் பார்ப்பதைப்போல் இவ்வசைவு தோன்றுவதால், இதற்குப் ‘பாக்ஸர்’ எஞ்சின் என்னும் பெயரும் உண்டு. இடப்புறப் பிஸ்டன் தள்ளும் விசையை வலப்புறப் பிஸ்டன் தள்ளும் விசை ஈடுசெய்துவிடுகிறது.

நேர்வரிசை எஞ்சினிலும் இரண்டு பிஸ்டன்கள் மேலே செல்லும்போது மற்ற இரண்டு கீழே வருகின்றன. ஆயினும், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், மேற்பாதியில் பிஸ்டன் செல்லும் வேகமும் கீழ்ப்பாதியில் செல்லும் வேகமும் ஒத்திருப்பதில்லை. அவ்வேறுபாட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஓர் அதிர்வு எழுகிறது. கிடைமட்ட எஞ்சினில் அவ்வதிர்வு எழுவதில்லை. எதிர் உருளைகள் மிகச் சரியாக ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் சற்று விலகியிருப்பதால், சிறிய ஆட்டம் மட்டும் எஞ்சுகிறது.

இக்கருத்து புதியதன்று. ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எதிரெதிர் உருளைகள் கொண்ட எஞ்சினை உருவாக்கினார். உலகெங்கும் ஓடிய ஃபோக்ஸ்வாகன் ‘வண்டு’ மகிழுந்திலும் கிடைமட்ட நான்குருளை எஞ்சினே இருந்தது. ஆனால் அது வண்டியின் பின்புறத்தில் இருந்து பின்சக்கரங்களைச் சுழற்றியது. இவ்வெஞ்சினை முன்சக்கர இயக்கத்தோடு சேர்க்கும் முயற்சியில் ஜெர்மனியின் கோலியாத் 1100 வண்டி 1957இலும், இத்தாலியில் அந்தோனியோ ஃபெசியா வடிவமைத்த லான்சியா ஃபிளாவியா வண்டி 1960இலும் வெளிவந்தன.

3. விமானம் செய்தவர்கள்

ஜப்பானில் 1917இல் தொடங்கப்பெற்ற நாகாஜிமா நிறுவனம் விமானங்களையும் விமான எஞ்சின்களையும் செய்துவந்தது. இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்ததும், ஜப்பானில் விமானம் செய்வது தடைசெய்யப்பட்டது. தேர்ந்த பொறியாளர்களுக்கு ஒரே நாளில் தொழில் இல்லாமற் போயிற்று. அவர்கள் கையில் கிடைத்ததைக்கொண்டு பிழைக்க முற்பட்டனர். 1946இல் ‘ராபிட்’ என்னும் சிறிய ஸ்கூட்டரை உருவாக்கினர். அதன் தொடக்க வண்டிகளுக்குப் போர் விமானங்களின் வால்சக்கரங்களே சக்கரங்களாயின.

பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்த அந்நிறுவனத்தின் பகுதிகளுள் ஐந்து ஒன்றுசேர்ந்து, 1953இல் ஃபியூஜி கனரகத் தொழில் நிறுவனத்தை ஆறாவதாகத் தோற்றுவித்தன. அது செய்யவிருந்த மகிழுந்துக்குச் ‘சுபாரு’ என்று பெயரிட்டவர் அதன் முதல் தலைவர் கெஞ்சி கிடா. சுபாரு என்பது வானில் கொத்தாகத் தோன்றும் விண்மீன் கூட்டம் ஒன்றின் ஜப்பானியப் பெயர். பழந்தமிழர் ‘அறுமீன்’ என்றும், இன்றைய தமிழர் ‘கார்த்திகை’ என்றும் அழைப்பது அக்கூட்டத்தையே. ஆறு நிறுவனங்கள் ஒன்றானதை அந்நிறுவனத்தின் சின்னத்திலுள்ள ஆறு விண்மீன்களும் நினைவூட்டுகின்றன.

நாகாஜிமாவில் விமான எஞ்சின் துறையில் பணியாற்றிய ஷின்ரோக்கு மொமோசே, புதிய நிறுவனத்தின் மகிழுந்துத் திட்டங்களுக்குத் தலைமை ஏற்றார். அவர் குழு 1954இல் உருவாக்கிய முதல் மகிழுந்து, பெருமளவில் உற்பத்தி செய்யப் போதிய நிதி கிடைக்காமையால் விற்பனைக்கே வரவில்லை. 1958இல் வந்த சுபாரு 360 என்னும் மிகச் சிறிய வண்டி வெற்றி பெற்றது. அதில் 356 கன செ.மீ. கொள்ளளவுள்ள எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. அடுத்து, ஒரு குடும்பம் வசதியாக அமர்ந்து தொலைதூரம் செல்லத்தக்க பெரிய வண்டியைச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. எஞ்சினைப் பின்புறம் வைத்தால் உடைமைகளுக்கு இடம் குறையும். முன்புறம் வைத்துப் பின்சக்கரங்களைச் சுழற்றினால் தரையில் மேடு வரும். ஆகவே குழுவினர் முன்சக்கர இயக்கத்தையும், கிடைமட்ட நான்குருளை எஞ்சினையும் தேர்ந்தனர்.

4. சுபாரு 1000

1965இல் அறிவிக்கப்பட்டு, 1966 மே மாதத்தில் விற்பனைக்கு வந்த அவ்வண்டியே சுபாரு 1000. அதன் எஞ்சின் ‘ஈஏ52’ எனப் பெயர் பெற்றது. உருளையின் விட்டம் 72 மி.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவு 60 மி.மீ.; நான்கு உருளைகளின் மொத்தக் கொள்ளளவு 977 கன செ.மீ. நிமிடத்திற்கு 6000 சுற்றுகளில் அது 55 குதிரைத்திறனை வெளிப்படுத்தியது.

இவ்வளவுகளில் ஒரு நுட்பம் உள்ளது. பிஸ்டன் நகரும் தொலைவு, உருளையின் விட்டத்தைவிடக் குறைவு. படுத்திருக்கும் எஞ்சினில் பிஸ்டன் நெடுந்தொலைவு நகர்ந்தால் எஞ்சினின் அகலம் பெருகும். முன்சக்கரங்கள் திரும்ப இடம் இராது. அகலத்தை அடக்கவே நகரும் தொலைவைக் குறைத்தனர். எடையைக் குறைக்க எஞ்சினின் உடற்பகுதியை அலுமினியக் கலவையால் வார்த்தனர்.

எஞ்சின் முன்னச்சுக்கு முன்னால், வண்டியின் நீளவாக்கில் அமைந்தது. அதன் பின்னால் கிளட்ச், டிஃபரென்ஷியல், கியர்பெட்டி ஆகியவை ஒரே கோட்டில் தொடர்ந்தன. டிஃபரென்ஷியல் வண்டியின் நடுக்கோட்டில் இருந்தமையால், இடச்சக்கரத்திற்குச் செல்லும் தண்டும் வலச்சக்கரத்திற்குச் செல்லும் தண்டும் ஒரே நீளம் உடையனவாயின. தராசின் இரு தட்டுகளைப்போல் இருபுறமும் ஒத்திருந்த இவ்வமைப்பு, பின்னாளில் எதிர்பாராத ஒரு பயனைத் தரவிருந்தது.

5. வளைந்தும் தளராத மூட்டு

இனி இரண்டாம் தடைக்கு வருவோம். திரும்பும் சக்கரத்திற்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டில் மூட்டு ஒன்று இருக்க வேண்டும். பழைய வகைக் குறுக்கு மூட்டு, தண்டு நேராக இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும். தண்டு வளைந்ததும், ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒரே சுற்றுக்குள் விரைந்தும் தயங்கியும் சுழலும். வளைவு மிகுந்தால் அத்தயக்கமும் மிகும். ஓட்டுநரின் கையிலுள்ள திருப்புசக்கரம் உதறும்.

எந்தக் கோணத்திலும் இருபுறமும் ஒரே வேகத்தில் சுழலும் மூட்டு இதற்குத் தீர்வாகும். கிண்ணம் போன்ற உறைக்குள் எஃகுக் குண்டுகள் அமர்ந்து ஆற்றலைக் கடத்தும் அத்தகைய மூட்டினை ஆல்ஃபிரட் ரெப்பா 1920களில் உருவாக்கியிருந்தார். சக்கரத்தின் பக்கம் அவ்வகை மூட்டுப் போதும். டிஃபரென்ஷியலின் பக்கத்திலோ வேறொரு சிக்கல் இருந்தது. சக்கரம் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போது, தண்டு சற்று நீளவும் சற்றுக் குறுகவும் வேண்டும். அதற்கெனத் தண்டில் வைக்கப்படும் வழுக்கும் பகுதி, எஞ்சின் முழு ஆற்றலோடு இழுக்கும்போது உராய்வால் இறுகிக்கொள்ளும்.

சுபாரு பொறியாளர்கள் டோயோ பேரிங் நிறுவனத்துடன் இணைந்து புதிய மூட்டு ஒன்றை உருவாக்கினர். அதனுள் எஃகுக் குண்டுகள் நேரான பள்ளங்களில் உருண்டோடும். ஆகவே, மூட்டு வளைந்து சுழலும்போதே தண்டு எளிதாக உள்ளே சென்று வெளியே வர முடிந்தது. வழுக்குவதற்கு மாறாக உருளச் செய்ததே இதன் நுட்பம். மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகிடும் உழவரும் அறிந்த உண்மைதான் இது: உராய்வைக் குறைத்தால் இழுப்பது எளிதாகும்.

6. சூட்டைத் தணித்தல்

எஞ்சினைக் குளிர்விக்கக் காற்றே போதும் என்பது அக்காலத்தில் பலர் பின்பற்றிய முறை. அதில் நீரும் குழாய்களும் வேண்டியதில்லை. ஆனால் ஓசை மிகுதி. சுபாரு 1000 நீரால் குளிரும் முறையை ஏற்றது. அதில் ரேடியேட்டர்கள் இரண்டு இருந்தன: ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது. குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பியதும், நீர் சிறிய ரேடியேட்டர் வழியாக மட்டும் சுழலும். எஞ்சின் விரைவில் உரிய சூட்டை அடையும். அச்சூடே பயணிகளின் அறைக்கும் கதகதப்பைத் தரும். வெப்பம் மிகுந்தபின் பெரிய ரேடியேட்டருக்கு வழி திறக்கும். எஞ்சினால் எப்போதும் சுழற்றப்படும் பெரிய விசிறி இல்லை; தேவையானபோது மட்டும் சுழலும் சிறிய மின்விசிறியே இருந்தது. அதனால் ஆற்றல் வீணாவதும் ஓசையும் குறைந்தன.

7. நன்மைக்குக் கொடுத்த விலை

சுபாரு 1000 வந்த அதே 1966ஆம் ஆண்டில், நிசான் நிறுவனம் டாட்சன் சன்னியையும், டொயோட்டா நிறுவனம் கொரோலாவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. இரண்டும் பழகிய முறையில் அமைந்தவை: முன்னே நிற்கும் நேர்வரிசை எஞ்சின், நடுவே நீண்ட தண்டு, பின்சக்கர இயக்கம். அவற்றைச் செய்வது எளிது; செலவும் குறைவு. அந்நிறுவனங்களோ மிகப் பெரியவை. சமமான தரையையும் அதிர்வில்லாத ஓட்டத்தையும் சுபாரு தந்தபோதும், விற்பனையில் அவ்விரண்டையும் எட்ட இயலவில்லை.

இதற்குக் காரணம் வடிவமைப்பிலேயே இருந்தது. நேர்வரிசை எஞ்சினுக்கு ஓர் உருளைமுடி போதும். கிடைமட்ட எஞ்சினுக்கு இரண்டு வேண்டும். கழிவுப்புகையைக் கொண்டுசெல்லும் குழாய்களும் இருபுறமும் தனித்தனியே அமைய வேண்டும். பொருள்கள் இரட்டிப்பதால் செலவும், செய்பவர் உழைப்பும் கூடுகின்றன. எஞ்சின் அகலமாக இருப்பதால், அதன் ஓரங்களில் கைவிட்டுப் பழுதுபார்ப்பதும் எளிதன்று.

ஐரோப்பாவில் வேறு சிலரும் இவ்வழியே சென்றனர். பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1970இல் ஜிஎஸ் என்னும் வண்டியில், காற்றால் குளிரும் 1015 கன செ.மீ. கிடைமட்ட எஞ்சினைப் பொருத்தியது. இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம், நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் புதிய ஆலை அமைத்து, ருடால்ஃப் ருஷ்கா வடிவமைத்த ஆல்ஃபாசுட் வண்டியை 1971இல் அறிமுகப்படுத்தியது. அதன் எஞ்சின் 1186 கன செ.மீ. கொள்ளளவு கொண்டது. ஆயினும், குறுக்காக வைக்கப்படும் நேர்வரிசை எஞ்சினே செலவு குறைந்த வழி என்பதால், காலப்போக்கில் பெரும்பாலான நிறுவனங்கள் அதனையே மேற்கொண்டன.

8. பனிமலையில் கிடைத்த பயன்

சுபாரு மட்டும் தன் வழியைக் கைவிடவில்லை. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் கடும்பனி பெய்யும். மலைகளிலுள்ள மின்கம்பிகளைப் பழுதுபார்க்கச் செல்லும் பணியாளர்களுக்கு, நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி தேவைப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய ஜீப் போன்ற வண்டிகளில் குளிரும் குலுக்கலும் மிகுதி. மகிழுந்தைப்போல் வசதியாகவும், ஜீப்பைப்போல் பனியில் செல்லத்தக்கதாகவும் ஒரு வண்டி வேண்டும் என்று தோஹோகு மின் நிறுவனம் கேட்டது.

குறுக்காக வைக்கப்பட்ட எஞ்சினாக இருந்தால் ஆற்றலின் திசையை மாற்றிப் பின்னே அனுப்பத் தனி அமைப்பு வேண்டியிருக்கும். சுபாருவிலோ எஞ்சினும் கியர்பெட்டியும் ஏற்கெனவே நீளவாக்கில் இருந்தன. கியர்பெட்டியின் பின்முனையிலிருந்து தண்டு ஒன்றைப் பின்னோக்கி நீட்டினால் போதுமானதாயிற்று. 1972இல் லியோனி என்னும் வண்டி, நான்கு சக்கர இயக்கத்துடன் விற்பனைக்கு வந்தது. தரையிலிருந்து நீக்கிய தண்டு மீண்டும் தரைக்கடியில் வந்தது. ஆனால் இம்முறை பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்குத் துணையாகச் சுழன்றன.

1989இல் லெகஸி வண்டியோடு ‘ஈஜே’ என்னும் புதிய எஞ்சின் வரிசை வந்தது. அளவும் ஆற்றலும் மாறின. உருளைகள் படுத்திருக்கும் அமைப்பு மாறவில்லை. 2017இல் அந்நிறுவனம் தன் பெயரையே சுபாரு என்று மாற்றிக்கொண்டது. இடப்பற்றாக்குறையைத் தீர்க்கத் தேர்ந்த வடிவம், பனிமலைப் பணியாளர்களின் தேவைக்கும் உதவியது. 1966இல் சந்தையில் பின்தங்கச் செய்த அதே அமைப்புதான், பிறர் எளிதில் செய்ய இயலாத ஒன்றை அந்நிறுவனத்திற்குத் தந்தது.

சொற்பொருள்

மகிழுந்து – கார்
உருளை – சிலிண்டர்
கொள்ளளவு – ஒன்றினுள் அடங்கும் அளவு
உராய்வு – இரு பொருள்கள் தேய்ந்து நகரும்போது எழும் தடை
மசகு – தேய்மானத்தைக் குறைக்க இடும் எண்ணெய்ப் பொருள்
அறுமீன் – கார்த்திகை விண்மீன் கூட்டம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பின்சக்கர இயக்க மகிழுந்தின் தரையில் மேடு இருப்பது ஏன்?
2. கிடைமட்ட எஞ்சினுக்குப் ‘பாக்ஸர்’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. ‘சுபாரு’ என்னும் பெயருக்கும் கார்த்திகைக்கும் உள்ள தொடர்பு யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக.
1. முன்சக்கர இயக்கத்திற்கு இருந்த இரு தடைகளையும், அவை நீக்கப்பட்ட முறையையும் எழுதுக.
2. சுபாரு 1000 வண்டியின் அமைப்பு ஒரு வகையில் குறையாகவும் மற்றொரு வகையில் நிறைவாகவும் அமைந்ததை விளக்குக.

இ. கணக்கிட்டுப் பார்க்க.
உருளையின் ஆரம் 3.6 செ.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவு 6 செ.மீ. நான்கு உருளைகளின் மொத்தக் கொள்ளளவைக் கண்டு, பாடத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுக.

ஈ. பிரித்து எழுதுக.
இவ்வமைப்பு, முன்னச்சு, அச்சூடு, விண்மீன்

உ. செயல்பாடு
வீட்டருகே உள்ள பழுதுபார்க்கும் பட்டறைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, அங்குள்ள மகிழுந்து ஒன்றின் எஞ்சின் நீளவாக்கில் உள்ளதா, குறுக்காக உள்ளதா என்று கேட்டறிக. அறிந்தவற்றை ஐந்து தொடர்களில் தமிழில் எழுதுக.